அயர்லாந்தில் ஒரே மாதிரி இரண்டு பெரிய கட்சிகள் எதற்கு? கத்தோலிக்க நாடு இவ்வளவு மாறியது எப்படி?

கார்க் நகரத்துக்கு வேலைக்குப் போகவிருக்கும் நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஃபியன்னா ஃபாயில், ஃபின கேல் இரண்டுமே நடுவிலிருந்து சற்று வலதுபக்கம் சாய்ந்த கட்சிகள்தான் என்றால் இரண்டு எதற்கு? கத்தோலிக்க நாடு என்று பெயரெடுத்த ஊர் ஒரே பாலினத் திருமணத்துக்கு எப்படி வாக்களித்தது? அலுவலகத்தில் அரசியல் பேசினால் வம்பாகுமா?

தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. ஐரிஷ்காரர் தன் தொகுதி உறுப்பினரிடம் பெரிதாகக் கொள்கை எதையும் எதிர்பார்ப்பதில்லை. கூப்பிட்டால் வர வேண்டும், முகம் தெரிந்திருக்க வேண்டும், மனு எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாட்டை உலுக்கும் பெரிய அறக் கேள்விகளையோ அரசியல்வாதிகளிடம் விடாமல், பொதுவாக்கெடுப்பில் மக்களே முடிவு செய்துகொள்கிறார்கள். இந்த இரண்டு பழக்கமும் பிடிபட்டுவிட்டால் அந்த நாட்டில் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் இரண்டு கட்சிகளின் கதை. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 26 மாவட்டங்களுக்குத் தன்னாட்சி கிடைத்தது; ஆனால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடேயே இருக்கும். 1922 ஜனவரி 7 அன்று ஐரிஷ் நாடாளுமன்றமான டாயில் அதை 64க்கு 57 என்ற கணக்கில் ஏற்றது. ஏற்றவர்களும் மறுத்தவர்களும் அடுத்த சில மாதங்களில் துப்பாக்கி தூக்கி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ், நீங்கள் போகும் கார்க் மாவட்டத்திலேயே, பேல் ந ப்ளா என்ற இடத்தில் 1922 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்பந்தத்தை எதிர்த்த பக்கத்திலிருந்து டி வலேரா 1926இல் தொடங்கியது ஃபியன்னா ஃபாயில். ஆதரித்த பக்கம் 1933இல் ஃபின கேல் ஆனது. வித்தியாசம் இவ்வளவுதான். பொருளாதாரக் கொள்கையில் வித்தியாசம் தேடுகிறவர்கள் கண் வலித்துத் திரும்புவார்கள்.

ஆனால் குடும்பங்களுக்கு அது சின்ன வித்தியாசமில்லை. தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பக்கம்தான் பேரன் வாக்களித்தான். எந்தப் பண்ணை வீட்டில் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். 1932 முதல் 2007 வரை நடந்த எல்லாப் பொதுத் தேர்தல்களிலும் ஃபியன்னா ஃபாயில்தான் தனிப்பெரும் கட்சி. 1980களின் தொடக்கத்தில் இரண்டு கட்சிகளும் சேர்ந்தால் நூற்றுக்கு 80க்கு மேல் வாக்கு. அப்புறம் 2008இல் வீட்டுமனைக் குமிழி வெடித்து வங்கிகள் கவிழ்ந்தன. 2010 நவம்பரில் ஐ.எம்.எஃப்., ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றிடம் கடனுக்குப் போய் நிற்க வேண்டி வந்தது. மொத்தத் திட்டம் 8,500 கோடி யூரோ. மூன்று மாதம் கழித்து வந்த தேர்தலில் ஃபியன்னா ஃபாயில் 20 இடத்துக்குச் சுருண்டது. வடக்கையும் தெற்கையும் ஒன்றாக்கக் கேட்கும் இடதுசாரிக் கட்சியான ஷின் ஃபேன் வளர்ந்து, 2020இல் முதல் விருப்ப வாக்குகளில் (சீட்டில் 1 என்று எண் போட்டவை) முதலிடம் பிடித்தது. அப்போதுதான் நூறு வருடப் பகையாளிகள் இருவரும் பசுமைக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு முதன்முறையாக ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள். பிரதமர் பதவியை, அங்கே தீஷக் என்பார்கள், பாதிப் பாதிக் காலம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். 2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகும் அதே ஏற்பாடுதான்: இப்போது ஃபியன்னா ஃபாயிலின் மீஹால் மார்ட்டின், 2027 நவம்பரில் ஃபின கேல் முறை. 174 இடங்களில் ஃபியன்னா ஃபாயிலுக்கு 48, ஷின் ஃபேனுக்கு 39, ஃபின கேலுக்கு 38. பழைய இரண்டு கட்சிகளும் சேர்ந்து வாங்கிய முதல் விருப்ப வாக்கு நூற்றுக்கு 43 அளவுதான். ஆக, 'இரண்டு எதற்கு' என்று நீங்கள் கேட்பதை ஐரிஷ்காரர்களே இப்போது உரக்கக் கேட்கிறார்கள்.

சரி, கொள்கையில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் போட்டி ஏன் இவ்வளவு மும்முரம்? இங்கேதான் வாக்குச்சீட்டுக்கு வருகிறோம். ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் இல்லை. மூன்று, நான்கு அல்லது ஐந்து பேர். வாக்காளர் தனக்குப் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று பென்சிலால் எண் போடுவார். இது நமக்கு முழுக்கப் புதிதில்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவது இதே முறையில்தான். 234 பேர், ஆறு இடம் என்றால், 234ஐ ஏழால் வகுத்து அடுத்த முழு எண்ணை எடுக்கிறோம். 34 வாக்கு வாங்கியவர் ஜெயித்தார். அயர்லாந்தில் அதையே ஊர்மக்கள் எல்லோரும் செய்கிறார்கள். ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகள் அந்தச் சீட்டுகளில் இருக்கும் அடுத்த எண்ணுக்குப் போகும். கடைசியில் நிற்பவர் வெளியேற்றப்பட்டால் அவர் சீட்டுகளும் அப்படியே பிரியும். இப்படிச் சுற்றுச் சுற்றாக இரண்டு மூன்று நாள்கூட எண்ணுவார்கள்.

இந்த முறை செய்யும் வேலையைப் பாருங்கள். ஐந்து இடத் தொகுதியில் ஃபியன்னா ஃபாயில் மூன்று பேரை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூவருக்கும் முதல் எதிரி எதிர்க்கட்சிக்காரர் இல்லை, பக்கத்திலேயே சுவரொட்டியில் சிரிக்கும் சொந்தக் கட்சிக்காரர்! கட்சி வாக்கு எப்படியும் வரும்; அது எனக்கு வருமா, அவருக்குப் போகுமா என்பதுதான் கவலை. இருவருடைய கொள்கையும் ஒன்றே. அப்படியானால் தன்னை எப்படி வேறுபடுத்திக் காட்டுவது? யார் அதிக வீட்டுக் கதவைத் தட்டினார், யார் அதிக மனு எழுதினார், யார் அதிகச் சாவு வீட்டுக்குப் போனார் என்பதில்தான்.

மாற்றுக் கட்சி வீட்டுக் கதவையும் தட்டித்தான் ஆக வேண்டும். 'உங்கள் முதல் வாக்கு அவருக்குத்தான் என்று தெரியும், மூன்றாவதாக என்னை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பது அங்கே கெஞ்சல் இல்லை, சாதாரணப் பேச்சு. அந்த மூன்றாவது எண்தான் எட்டாவது சுற்றில் ஆளைக் கரையேற்றும். அதனால் எதிராளியின் ஆதரவாளரைத் திட்டி வம்பு வளர்ப்பது வேட்பாளருக்கே நஷ்டம். ஐரிஷ் அரசியலில் மேடை வசவு குறைவாகவும் முகஸ்துதி அதிகமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாக்காளரும் சளைத்தவர் இல்லை. வாசலுக்கு வந்த ஐந்து கட்சிக்காரர்களிடமும் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று முகம் கோணாமல் சொல்லி அனுப்புவார். அது வாக்குறுதி இல்லை என்று வந்தவருக்கும் தெரியும்.

பெரிய கட்சிக்குக் கூடுதல் லாபம் தரும் ஒற்றை உறுப்பினர் தொகுதி முறைக்கு மாறலாம் என்று ஃபியன்னா ஃபாயில் 1959இலும் 1968இலும் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் முடியாது என்றார்கள். 1959இல் நடந்தது வேடிக்கை. அதே நாளில் டி வலேராவைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் கொண்டுவந்த யோசனையைத் தோற்கடித்தார்கள். ஆளைப் பிடிக்கும், யோசனை வேண்டாம்.

எண்ணிக்கை நாளை ஒரு தடவையாவது பார்க்க முயலுங்கள். பெரிய அரங்கத்தில் வாக்குப்பெட்டிகளைத் திறந்து கொட்டுவார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஆட்களும் நோட்டும் பேனாவுமாகச் சாய்ந்து நின்று, ஒவ்வொரு சீட்டும் விரியும்போது எட்டிப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். பெட்டி எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்று தெரியும் என்பதால், எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை என்ற கணக்கு பகலுக்குள் தயார். நம் பூத் ஏஜென்டுகள் செய்வதுதான். ஆனால் அங்கே போட்டிக் கட்சிகள் வேலையைப் பிரித்துக்கொண்டு கணக்கைப் பகிர்ந்துகொள்ளும்.

2002இல் மூன்று தொகுதிகளில் மின்னணு இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பொத்தானில் முடிவு வந்துவிட்டது. முன்னாள் நீதித்துறை அமைச்சர் நோரா ஓவன் தோற்றதை, முன்னறிவிப்பே இல்லாமல், கேமராக்கள் முன்னால் மேடையில் நின்றபடி கேட்க வேண்டி வந்தது. நாட்டுக்கே அது உறுத்தியது. பாதுகாப்புச் சந்தேகங்களும் சேர்ந்துகொள்ள, 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கிய இயந்திரங்கள் பல வருடம் கிடங்கில் கிடந்து, 2012இல் சில பத்தாயிரம் யூரோவுக்குப் பழைய இரும்பாகப் போயின. பென்சிலும் காகிதமும் தொடர்கின்றன. சுற்றுச் சுற்றாக வாக்கு நகர்வதைப் பார்க்கும் சுகத்தை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

டி.டி. என்று அழைக்கப்படும் தொகுதி உறுப்பினரின் வார இறுதி எப்படிப் போகும்? சனிக்கிழமை ஓர் அறையில் உட்கார்ந்து குறை கேட்பார். அதற்குக் கிளினிக் என்றே பெயர். மருத்துவ அட்டை கிடைக்கவில்லை, ஓய்வூதியம் நின்றுவிட்டது, வீட்டுக்கு அனுமதி இழுக்கிறது, சாலையில் பள்ளம், பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி சிகிச்சைக்கு வருடக்கணக்கில் வரிசை. எல்லாவற்றுக்கும் கடிதம் போகும். விதிப்படி கிடைக்க வேண்டியதுதான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வாங்கிக் கொடுத்தது இவர்தான் என்ற நினைப்பு வீட்டில் தங்கிவிடும். மாலையில் சாவு வீடு. இறப்புச் செய்தியை உள்ளூர் வானொலியில் தினமும் வாசிப்பார்கள், ஆர்.ஐ.பி. டாட் ஐ.ஈ. என்ற இணையதளத்தை நாடு முழுக்கக் காலையில் திறந்து பார்க்கும். அதைப் பார்க்காத அரசியல்வாதி கிடையாது. வரிசையில் நின்று, குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, 'உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். இதைப் போலித்தனம் என்று டப்ளின் பத்திரிகைகள் கேலி செய்யும். கிராமத்தில் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வராதவர் யார் என்பதைத்தான் கவனிப்பார்கள்.

இந்தக் கலையின் உச்சம் கெர்ரி மாவட்டத்தின் ஹீலி-ரே குடும்பம். தட்டைத் தொப்பிக்குப் பேர்போன ஜாக்கி ஹீலி-ரே, ஃபியன்னா ஃபாயில் சீட்டுக் கொடுக்காததால் 1997இல் சுயேச்சையாக நின்று வென்றார். பிறகு மகன் மைக்கேல். 2016இலிருந்து மைக்கேலும் அண்ணன் டேனியும் ஒரே ஐந்து இடத் தொகுதியில் நின்று இருவருமே ஜெயித்துக்கொண்டு வருகிறார்கள். தொகுதியை ஊர் ஊராகப் பங்கு பிரித்து, இந்தப் பக்கம் முதல் எண் இவருக்கு, அந்தப் பக்கம் அவருக்கு என்று சொல்லி வாக்கு வாங்குவது எளிய வேலையில்லை. வானிலையை மேலே இருக்கும் கடவுள்தான் நடத்துகிறார் என்று டேனி நாடாளுமன்றத்தில் சொன்னபோது தலைநகரம் சிரித்தது. கெர்ரி அவரைத் திரும்ப அனுப்பிவைத்தது. மைக்கேல் 2025இல் இணை அமைச்சரானார். வாரிசு அரசியலும் தாராளம்: முன்னாள் பிரதமர்கள் எண்டா கென்னி, பிரையன் கவன் இருவருமே அப்பா இறந்து காலியான இடத்தில் இடைத்தேர்தலில் நுழைந்தவர்கள். இதில் எல்லாம் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

டி.டி.க்கள் கவுன்சிலர் வேலை பார்ப்பதற்குக் காரணம் அவர்கள் குணம் மட்டும் இல்லை. அயர்லாந்தில் உள்ளாட்சி மிகவும் நோஞ்சான். 31 கவுன்சில்கள் இருந்தாலும் பள்ளி, மருத்துவமனை, காவல் எதுவும் அவற்றின் கையில் இல்லை. அன்றாட நிர்வாகம் நியமன அதிகாரியிடம். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் என்பதே 2024இல்தான், அதுவும் லிமெரிக்கில் மட்டும், வந்தது. எல்லாம் டப்ளினில் முடிவாகும்போது, டப்ளினில் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர் ஆளைத்தானே பிடிக்க வேண்டும்?

பெரும்பான்மை இழுபறியாக இருந்தால் இந்த ஊர்க்காரருக்கு விலை ஏறிவிடும். 1982இல் டப்ளினின் ஏழைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து வந்த சுயேச்சை டோனி கிரெகரி, பிரதமராக வர விரும்பிய சார்ல்ஸ் ஹாகியிடம் வீடு, வேலை, பள்ளி என்று நீண்ட பட்டியலைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஆதரவு கொடுத்தார். அதை ரகசியமாக வைக்காமல் அவையிலேயே வாசித்தார். அந்த ஆட்சி ஒரு வருடம்கூட நிற்கவில்லை என்பது வேறு கதை. 2025 ஜனவரியில் டிப்பரரி சுயேச்சை மைக்கேல் லோரியின் அணி ஆட்சியை ஆதரித்துக்கொண்டே எதிர்க்கட்சியின் பேச்சு நேரத்தையும் கேட்டது. அவையில் ஒரே கூச்சல்; பிரதமர் தேர்வே ஒரு நாள் தள்ளிப்போனது. 1990களில் கைபேசி உரிமம் வழங்கியதில் லோரி தலையிட்டார் என்று விசாரணைத் தீர்ப்பாயம் 2011இல் கடுமையாக எழுதியது. அவர் அதை இன்றுவரை மறுக்கிறார். தொகுதியோ ஒவ்வொரு முறையும் அவரை ஜெயிக்க வைக்கிறது. 'எங்களுக்குச் செய்கிறார்' என்பதே அங்கே பதில்.

இதற்கு நாடு கொடுக்கும் விலை சின்னதில்லை. பத்துப் பதினைந்து வருடம் பார்த்துத் திட்டமிட வேண்டிய விஷயங்கள் எல்லாம் நொண்டுகின்றன. வீட்டுப் பஞ்சம் அதன் கண்கூடான உதாரணம். கார்க்கில் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கியதும் உங்களுக்கே தெரியும். வீடு கட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், தன் தெருவுக்குப் பின்னால் அடுக்குமாடி வந்தால் ஆட்சேபணை மனு போடுவார்கள், டி.டி. இரண்டு பக்கத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பார்.

இனி கத்தோலிக்கக் கேள்வி. 1937 அரசியலமைப்பு திருச்சபைக்குச் சிறப்பிடம் கொடுத்தது, விவாகரத்தைத் தடை செய்தது. (நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிமுறைகள் அதே நூலைப் பார்த்து எழுதியவைதான்.) அதில் ஒரு சொல்லை மாற்றுவதானாலும் நாடாளுமன்றத்தோடு முடியாது, பொதுவாக்கெடுப்பு வேண்டும். சாவு வீட்டுக்குச் சளைக்காமல் போகும் அரசியல்வாதி, பாதிரியாரையும் பாட்டியையும் பகைத்துக்கொள்ளும் விஷயம் என்றால் பின்வாங்குவார். 1979இல் கருத்தடைச் சாதனத்தை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்கலாம் என்று சட்டம் வந்ததே, அது அந்தப் பயத்தின் அளவு. அதனால் மாற்றம் எல்லாம் வாக்கெடுப்பு வழியாகவே, முன்னும் பின்னுமாக வந்தது. 1983இல் கருவில் இருக்கும் உயிருக்குத் தாயின் உயிருக்குச் சமமான உரிமை என்று எழுதிச் சேர்த்தார்கள். நூற்றுக்கு 67 பேர் ஆதரவு. 1986இல் விவாகரத்துக்கு அனுமதி கேட்டபோது நூற்றுக்கு 63 பேர் மறுத்தார்கள். 1995இல் அதே கேள்வி நாடு முழுக்க 9,114 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அடுத்த தலைமுறைக்குள் எல்லாம் உருண்டோடியது: 2015 மே மாதம் ஒரே பாலினத் திருமணத்துக்கு நூற்றுக்கு 62 ஆதரவு, 2018 மே மாதம் கருக்கலைப்புத் தடையை நீக்க நூற்றுக்கு 66.

நடுவில் என்ன நடந்தது? திருச்சபை நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகள் ஒவ்வொன்றாக விசாரணை அறிக்கைகளில் வெளிவந்தன. அவற்றை மூடி மறைத்ததும் வெளிவந்தது. பலர் கடவுளை விடவில்லை, ஆயர்களின் பேச்சைக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். அப்புறம் 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போன பல் மருத்துவர், வயது 31. கரு கலைந்துகொண்டிருந்தது, காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும், இதயத் துடிப்பு இருப்பதால் அகற்ற முடியாது என்றார்கள். ரத்தத்தில் நச்சு பரவி உயிர் போனது. 2018 முடிவு வந்த நாளில் டப்ளினில் அவர் படம் வரைந்த சுவர் முழுக்க மக்கள் சின்னச் சின்னக் காகிதங்களில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டினார்கள். ஐரிஷ்காரர்களோடு பேசும்போது அந்தப் பெயர் இன்றும் கனமானது.

அரசியல்வாதிகளின் தயக்கத்துக்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். 2016இல் தொடங்கிய குடிமக்கள் மன்றத்தில், மக்கள்தொகையின் கலவைக்கு ஏற்றபடி குலுக்கல் முறையில் எடுத்த 99 பேரையும் ஒரு நீதிபதியையும் உட்கார வைத்து, வார இறுதிகளில் மருத்துவர், வழக்கறிஞர், இரு தரப்பு இயக்கத்தார் எல்லோரையும் கேட்கச் சொன்னார்கள். கருக்கலைப்பு பற்றி அவர்கள் சொன்ன பரிந்துரை, எந்தக் கட்சியும் தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டாத அளவுக்குத் தாராளமாக இருந்தது. கட்சிகள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டன. கோழைத்தனம்தான், ஆனால் பயனுள்ள கோழைத்தனம். வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ்காரர்களுக்குப் பொதுவாக அஞ்சல் வாக்கு கிடையாது என்பதால், 2015இலும் 2018இலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விமானமும் கப்பலும் பிடித்து வாக்களிக்க வந்தார்கள்.

இதைப் பார்த்து 'அயர்லாந்து முற்போக்காகிவிட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2024 மார்ச்சில், இரண்டு திருத்தங்களைக் கொண்டுவந்தார்கள்: குடும்பம் என்பதைத் திருமணத்துக்கு அப்பாலும் விரிப்பது ஒன்று, வீட்டுக்குள் பெண்ணின் பங்கைப் பற்றிப் பேசும் பழைய பிரிவை மாற்றுவது மற்றது. பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரவு. மக்கள் முதலாவதை நூற்றுக்குக் கிட்டத்தட்ட 68 பேரும் மற்றதைக் கிட்டத்தட்ட 74 பேரும் தோற்கடித்தார்கள். வாசகம் குழப்பமாக இருந்தது, மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பது அரசின் கடமை என்பதிலிருந்து நழுவுவதாகப் பட்டது, கேட்டவர்கள்மேல் கோபமும் இருந்தது. ஆரம்பப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது பங்கு இன்றும் கத்தோலிக்க நிர்வாகத்தில்தான். மாலை ஆறு மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் தேவாலய மணி இன்றும் அடிக்கிறது. தேவாலயத்துக்கே போகாதவர்கள்கூடப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் 'முதல் நன்மை' சடங்குக்குப் புதுச்சட்டை எடுத்து ஊரைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள்.

அலுவலகப் பேச்சு. தாராளமாகப் பேசலாம், கேட்டால் சொல்லுவார்கள். தலைவர்களைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள்: பெர்ட்டி, எண்டா, லியோ, மேரி லூ. பிரதமர் கடைத்தெருவில் கை கொடுப்பார், கையைப் பிடித்தவர் நறுக்கென்று கேள்வியும் கேட்பார். 2024 தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், உங்கள் மாவட்டத்து கான்டர்க் ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அப்போதைய பிரதமர் சைமன் ஹாரிஸிடம், பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒரு பெண், எங்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றார். ஹாரிஸ் அதை மறுத்துவிட்டு, கை கொடுத்து நகர்ந்துவிட்டார். சில நொடிக் காட்சிதான். மறுநாள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டும் அது பிரச்சாரம் முழுக்கத் துரத்தியது. அவர் சொன்னது சரியா தப்பா என்பதைவிட, நின்று கேட்காமல் போனார் என்பதுதான் குற்றம்.

சின்னத் தொகைக்குப் பெரிய கோபம் வருவதையும் பார்ப்பீர்கள். குழந்தைகள் மருத்துவமனைக் கட்டுமானம் 200 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது. மக்கள் பெருமூச்சு விட்டார்கள். நாடாளுமன்ற வளாகத்தில் சைக்கிள் நிறுத்தும் ஒரு கொட்டகைக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆனது என்று 2024இல் தெரிந்ததும் நாடே கொதித்தது. ஒரு கொட்டகைக்கு எவ்வளவு செலவாகும் என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா. 2025 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஃபியன்னா ஃபாயில் வேட்பாளர் ஜிம் கேவின், டப்ளினின் கேலிக் கால்பந்து அணியை வெற்றிமேல் வெற்றிக்குக் கொண்டுபோன நாயகர், பல வருடம் முன்பு வாடகைக்காரருக்குத் திருப்பித் தர வேண்டிய 3,300 யூரோவைத் தரவில்லை என்ற செய்தி வந்ததும் பாதியில் விலகினார். வீட்டு உரிமையாளர் வாடகைக்காரர் விவகாரம் அங்கே எவ்வளவு ரணம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்தத் தேர்தலில் இடதுசாரிகள் ஆதரித்த சுயேச்சை கேத்தரின் கானலி நூற்றுக்கு 63 வாக்கு வாங்கி வென்றார். அதே சமயம் பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 13 அளவு செல்லாதவை, பெரும்பகுதி வேண்டுமென்றே கெடுத்தவை. யாரையும் பிடிக்காத கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில. அயர்லாந்தை பிரிட்டனின் பகுதிபோலப் பேசுவது பெரிய பிழை. வட அயர்லாந்தைப் பற்றிக் கேட்கலாம், ஆனால் தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள், பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. பற்றி ஒரே குடும்பத்தில் இரண்டு கருத்து இருக்கும். பழைய பிரிட்டிஷ் காலப் போலீஸ் படைக்கு நினைவு நிகழ்ச்சி நடத்த அரசு 2020 ஜனவரியில் முயன்று, எதிர்ப்பைப் பார்த்துக் கைவிட்டது. நூறு வருடம் அவர்களுக்கு அவ்வளவு தூரமில்லை. எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நடுநிலை அவர்களுக்கு உயிர். பாலஸ்தீன ஆதரவு கட்சி வேறுபாடில்லாமல் பரவியிருக்கிறது; 2024 மே மாதம் அரசே பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது.

குடியேறிகள் விஷயத்தை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். மும்பையிலிருந்து போன மருத்துவரின் மகன் லியோ வரத்கர் பிரதமராக இருந்தார், அதை யாரும் பெரிதாக்கவில்லை. ஆனால் பிறந்தாலே குடியுரிமை என்பதை 2004 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 79 பேர் நீக்கியதும் அதே மக்கள்தான். 2023 நவம்பரில் டப்ளினில் கலவரம் நடந்தது. 2025 கோடையில் டப்ளினின் டாலா பகுதியிலும் வேறு இடங்களிலும் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். இந்தியத் தூதரகம் எச்சரிக்கை வெளியிட்டது, இந்தியா தின விழா தள்ளிவைக்கப்பட்டது. அப்போதைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். வந்தேறிகளை வெளியேற்றுவதையே கொள்கையாக வைத்த கட்சி எதுவும் 2024 பொதுத் தேர்தலில் ஓர் இடமும் பிடிக்கவில்லை. பெரும்பாலான நாள் உங்களுக்குக் கிடைக்கப்போவது அன்பான விசாரிப்புதான். இரவில் தனியாக, பதின்ம வயதுக் கூட்டம் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது மட்டும் டப்ளின்காரர்கள் எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கையை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பல இந்தியர்களுக்குத் தெரியாத ஒன்று. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது நிரம்பி அங்கே வசித்தால் போதும், வேட்பாளராகக்கூட நிற்கலாம். 2024இல் தெற்கு டப்ளினின் மேயரானவர் கேரளத்திலிருந்து போன பேபி பெரேப்பாடன். கார்க்கில் முகவரி கிடைத்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். கதவைத் தட்டுகிறவர்களிடம் பேருந்தைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் கேளுங்கள், பெயரைக் குறித்துக்கொள்வார்கள். 1, 2, 3 என்று எல்லோருக்கும் வரிசையாக எண் போட்டுவைத்தாலும் சீட்டு செல்லும்.